சிப்பிக்குள் இரண்டு பாடங்கள்

சிப்பியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க உட்காருகிறவர் முதலில் எதிர்கொள்வது அதன் வழவழப்பை. மெல்லுடலிகளின் சதையெங்கும் சளி போன்ற சர்க்கரைப் பொருள் ஊறிக் கிடக்கிறது. ஆல்கஹாலை ஊற்றினால் டிஎன்ஏ வெண்ணூலாகத் திரளும். அந்தச் சளியும் கூடவே திரண்டு நூலைக் கட்டிக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டால் அடுத்த கட்டத்தில் நொதிகள் சரியாக வேலை செய்யாது. ஆகவே உப்பைத் தூக்கலாகப் போட்டு, சிடிஏபி என்ற சோப்புக் குடும்பத்து வேதிப்பொருளைச் சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்திருந்து, சளியைத் தனியே ஒதுக்க வேண்டும். குலுக்கக் கூடாது; குலுக்கினால் நூல் அறுந்துபோகும். வழக்கமான பிப்பெட் நுனியின் வாய்கூட இதற்குக் குறுகல்தான். வாய் அகன்ற நுனியை மாட்டி, அழுத்திய கட்டைவிரலை மெல்ல மெல்ல விடுவித்து உறிஞ்ச வேண்டும். பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டும் பாட்டியின் கை எவ்வளவு மெதுவாகச் சாயுமோ, அவ்வளவு மெதுவாக.

இந்தக் கை பெரும்பாலும் ஒரு போஸ்ட்டாக்கின் கையாக இருக்கும். முனைவர் பட்டம் முடிந்திருக்கும். நிலையான வேலை இன்னும் அமைந்திருக்காது. இடையில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு கடலோர ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்திருப்பார். காலையில் மிதவையில் ஏறிக் கூடையை இழுத்துச் சிப்பியை எடுப்பவர் அவரே. அதைத் திறந்து, ஓட்டை மூடித் திறக்கும் தசையிலிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு வெட்டிக் குளிரில் வைப்பவரும் அவரே. இரவில் கணினி கோடிக்கணக்கான எழுத்துகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் விழித்திருப்பவரும் அவரே. ரப்பர் பூட்ஸும் கணினி நிரலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை இந்தத் துறையில் சாதாரணமாகப் பார்க்கலாம். பள்ளியில் ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டுக என்பார்கள். எனக்கு இவர்கள் படிக்கிற பாடத்துக்கும், அதைப் படிக்கிற விதத்துக்கும் நயம் பாராட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

சிப்பிகள் பல. நான் எடுத்துக்கொள்வது முத்துச்சிப்பியை. விலங்கியலார் பிங்க்டாடா ஃபுகாட்டா என்பார்கள், ஜப்பானியர் அகோயா என்பார்கள். மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் நம் பரதவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்ததும் இந்தப் பெயருக்குரிய சிப்பியைத்தான். கொற்கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பின் பார்கள் ஓய்ந்துவிட்டன. ஆனால் சிப்பியை வாசிக்கும் வேலை அதன் பிறகுதான் உண்மையில் தொடங்கியது.

ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெளிப்புறம் செதில் செதிலாக, பாசி படிந்து, கரடுமுரடாக இருக்கும். திருப்பினால் உட்புறம் பளபளக்கும். இரண்டுமே சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கிளிஞ்சல் சுட்டு எடுத்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒரே பொருளைச் சிப்பி இரண்டு விதமாகப் படிகமாக்குகிறது. வெளியே கால்சைட், தூண் தூணாக நெருக்கி நிறுத்திய பட்டகங்கள். உள்ளே அரகோனைட், மெல்லிய சில்லுகளைப் படுக்கவைத்து அடுக்கிய சுவர். சில்லு ஒன்றின் கனம் ஏறக்குறைய அரை மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் இதே அளவில்தான் இருக்கிறது. அதனால் ஒரு சில்லின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதற்கடுத்த சில்லில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்களைக் கூட்டி, சில நிறங்களைத் தணிக்கின்றன. முத்து வணிகர்கள் நீரோட்டம் என்று சொல்லிக் கல்லையும் முத்தையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார்களே, அந்த நீரோட்டத்தில் இந்த அரை மைக்ரானுக்குப் பெரும் பங்கு உண்டு. அகோயா முத்தின் மேல் 0.4 மில்லிமீட்டர் படலம் படிந்திருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக 800 அடுக்கு இருக்கிறது என்று கணக்கு. கொத்தனார் இல்லை, நூல்குண்டு இல்லை. 800 வரிசையும் மட்டம் பிசகாமல் ஏறியிருக்கிறது.

எங்கே தூணை நிறுத்த வேண்டும், எங்கே சில்லை அடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது மேன்டில். ஓட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதைத்திரை அது. அதன் ஓரம் கால்சைட்டைச் செய்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியுள்ள பகுதி அரகோனைட்டைச் செய்கிறது. ஒரே திரைதான், சில மில்லிமீட்டர் நகர்ந்தால் வேறு கட்டுமானம். அப்படியென்றால் ஓரத்தில் விழித்திருக்கும் மரபணுக்கள் வேறு, உள்ளே விழித்திருப்பவை வேறு என்றாகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஒவ்வொரு புரதமாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்தப் புரதங்களின் வரிசையைப் பார்க்கும்போது எனக்கு யாப்பு ஞாபகம் வரும்.

அஸ்பீன் என்று ஒரு புரதம். ஓரத்தில், கால்சைட் பக்கத்தில் வேலை செய்வது. புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் கோக்கப்படுபவை. அஸ்பீனில் ஏறக்குறைய 60 சதவீதம் அஸ்பார்டிக் அமிலம் ஒன்றே. இருபது எழுத்து கையில் இருந்தும் ஒரே எழுத்தை விடாமல் மோனையாகப் போட்டுக்கொண்டே போன அடி மாதிரி. அஸ்பார்டிக் அமிலம் எதிர்மின் கொண்டது. கடல்நீரின் கால்சியம் நேர்மின் கொண்டது. இத்தனை அஸ்பார்டிக் அமிலத்தைக் கோத்து நீட்டினால் கால்சியம் வந்து ஒட்டாமல் எங்கே போகும்? மறுபக்கம், உள்ளே அரகோனைட் பகுதியில், எம்எஸ்ஐ60 என்ற புரதம். 1997இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. அதில் அலனைன் மட்டுமே தொடராக வரும் இடங்கள், கிளைசின் மிகுந்த இடங்கள், மறுபடி அலனைன். சிலந்தி நூலின் புரதத்திலும் இதே மாதிரி அடுக்கு உண்டு. சிலந்திக்கும் சிப்பிக்கும் பொது மூதாதை பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இருந்திருக்கும். அது ஓடும் கட்டவில்லை, வலையும் பின்னவில்லை. இரண்டும் தனித்தனியே நடந்து ஒரே சந்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பட்டையும் முத்தையும் சேர்த்து அணிந்து பார்த்த நம் கண்ணுக்கு, இரண்டுக்கும் அடியில் ஒத்த நெசவு இருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

2009இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு பிஃப் என்ற மரபணுவைப் பற்றி எழுதியது. அதிலிருந்து வரும் புரதம் அரகோனைட்டைப் பற்றிக்கொள்ளும். அந்த மரபணுவை மட்டும் சிப்பிக்குள்ளேயே ஊமையாக்கிப் பார்த்தார்கள். சில்லு வரிசை குலைந்தது. மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் ஒழுங்காக ஏறி வந்த சுவர் ஓரிடத்தில் தாறுமாறாகிப் போகிறது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அடியைப் படித்துப் பார்ப்பதுபோலத்தான். எந்தச் சொல் தாங்கி நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி முத்து வளர்ப்பு. மிகிமோட்டோ கோக்கிச்சி 1893இல் முதல் அரைமுத்தை எடுத்ததிலிருந்து இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வியப்பு அறுவை மேசையில் இருக்கிறது. அங்கே மூன்று உயிர்கள் சந்திக்கின்றன. ஒன்று, கொடைச் சிப்பி. அழகான உட்புறம் கொண்டதாகப் பார்த்துத் தேர்ந்து, அதன் மேன்டிலைக் கீற்றாக வெட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்குவார்கள். இரண்டு, ஏற்கும் சிப்பி. அதன் இனப்பெருக்கச் சுரப்பிக்குள் நுண்ணிய வழி செய்து அந்தச் சதுரத்தை வைப்பார்கள். மூன்று, சதுரத்தோடு உள்ளே போகும் உருண்டைக் கரு. அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் வளர்ந்த நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்து எடுத்தது. நல்ல அகோயா முத்தைக் கழுத்தில் போட்டிருப்பவர் அநேகமாக ஓர் அமெரிக்க ஆற்றின் துண்டையும் சுமந்துகொண்டிருக்கிறார்.

உள்ளே வைத்த சதுரம் பரவி, கருவைச் சுற்றிப் பையாக மூடிக்கொள்ளும். அந்தப் பைதான் முத்தைப் படியவைக்கிறது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பைக்குள் பேசுவது யாருடைய மரபணு? கொடுத்த சிப்பியுடையதா, ஏற்ற சிப்பியுடையதா? இரண்டும் ஒரே இனம் என்றால் பிரித்தறிவது கடினம். ஆஸ்திரேலியாவில் இதை அழகாகத் தீர்த்தார்கள். வெள்ளி உதட்டுச் சிப்பி, கருப்பு உதட்டுச் சிப்பி என்று முத்துத் தரும் வேறு இரண்டு இனங்களை எடுத்து, ஒன்றின் சதையை மற்றொன்றுக்குள் வைத்தார்கள். முத்துப்பை முற்றிய பிறகு அதில் இயங்கும் மரபணுக்களின் எழுத்துகளைப் படித்து, எது எந்த இனத்தது என்று பார்த்தார்கள். ஓடு செய்யும் மரபணுக்களில் கொடைச் சிப்பியினுடையவை அங்கே இயங்கிக்கொண்டிருந்தன. கொடுத்த சிப்பி வெட்டப்பட்ட நாளிலேயே முடிந்துவிட்டது. அதன் மேன்டில் மட்டும், இன்னொருவர் வீட்டில், அவர் கொடுத்த சோற்றைத் தின்று, தன் பழைய வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஆய்வுத்தாளைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நான் எதையும் படிக்கவில்லை.

இத்தனையும் தனித்தனிச் சொற்களின் நயம். முழு நூலையும் படிக்க வேண்டும் அல்லவா? 2012ஆம் ஆண்டு இரண்டு சிப்பிகளின் மரபணுத்தொகை வெளிவந்தது. ஒன்று பசிபிக் சிப்பியுடையது, சீன ஆய்வாளர்கள் முன்னின்று செய்தது. மற்றது நம் முத்துச்சிப்பியுடையது, ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் தகேஷி தகேவுச்சி, நோரியுகி சாதோ முதலானோர் செய்தது. முத்துச்சிப்பியின் தொகை ஏறக்குறைய 115 கோடி எழுத்து. அதில் 23,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். பசிபிக் சிப்பியில் கிடைத்த ஒரு விவரம் மறக்க முடியாதது. வெப்பத்தில் புரதங்கள் குலையாமல் காக்கும் எச்எஸ்பி70 என்ற மரபணு வகை மனிதரிடம் 17 இருக்கிறது. அந்தச் சிப்பியிடம் 88. வற்றுநீரில் பாறையில் ஒட்டியபடி வெயிலில் காயும் உயிர் அது. கோடையில் அதன் உடல் 49 டிகிரி வரை தாங்கும். ஓடிப்போக வழியில்லாதவன் வீட்டில் 88 குடை வைத்திருக்கிறான்.

ஆனால் இரண்டு குழுவும் ஒரே இடத்தில் தவித்தன. மரபணுத்தொகையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி கிடையாது. துண்டு துண்டாகப் படித்து, ஒரு துண்டின் கடைசி வரியும் மற்றொன்றின் முதல் வரியும் ஒத்துப்போகும் இடம் பார்த்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் உயிரிடமும் இந்த நூலுக்கு இரண்டு பிரதி உண்டு. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. மனிதரில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஓரிடத்தில் வித்தியாசம் வரும். சிப்பியில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்குகிறது. இடையிடையே வரிகளே கூடியும் குறைந்தும் இருக்கும். ஒட்டுகிற கணினி, இது ஒரே பத்தியின் இரண்டு பிரதியா, வெவ்வேறு பத்தியா என்று விளங்காமல் திணறிப்போகும்.

ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நாம் அதைப் பாடபேதம் என்போம். ஒரு வீட்டுச் சுவடியில் ஒரு சொல், அடுத்த ஊர்ச் சுவடியில் வேறு சொல். எது மூலம்? உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்புகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள். ஒரு பாடத்தை மேலே வைத்தாலும் மற்றதை அவர் தூக்கி எறியவில்லை. கீழே சிறிய எழுத்தில் அதுவும் இருக்கும்.

2012இன் சிப்பி ஆய்வாளர்களுக்கு அந்த வசதி இல்லை. சீனக் குழு பேதத்தையே குறைத்துவிட ஒரு வழி கண்டது. உடன்பிறந்த சிப்பிகளையே நான்கு தலைமுறை இணைசேர்த்து, இரண்டு பிரதியும் கூடியவரை ஒன்றுபோல் ஆன ஒரு சிப்பியைப் படித்தது. அப்போதும் பேதம் முழுக்கப் போகவில்லை. உறவுக்குள்ளேயே நான்கு முறை மடக்கியும் தீராத வேறுபாடு. அதை ஒரு தொழில்நுட்பத் தடையாக அந்நாளில் எழுதினார்கள். அதுவே சிப்பியின் சொத்து என்று எனக்குத் தோன்றியது.

பத்து ஆண்டு கழித்து, 2022இல், அதே தகேவுச்சி மறுபடி முத்துச்சிப்பியிடம் வந்தார். இப்போது ஒரே இழுப்பில் பல்லாயிரம் எழுத்துகளைப் படிக்கும் கருவி கையில் இருந்தது. தொடக்கத்தில் சொன்னேனே, நூல் அறுந்துவிடாமல் மெதுவாக உறிஞ்சும் கை, அதன் பயன் இங்கேதான். துண்டு நீளமாக இருந்தால் அதில் பல பேதங்கள் அடுத்தடுத்து வரும். அவற்றைக் கொண்டே இது ஒருவழிப் பிரதி, இது மறுவழிப் பிரதி என்று பிரித்துவிடலாம். உயிரணுவுக்குள் டிஎன்ஏ மடிந்து கிடக்கையில் எந்தப் பகுதி எதனருகே இருக்கிறது என்று ஃபார்மாலினில் உறையவைத்துப் பார்க்கும் முறையும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவை ஒரே குரோமோசோமைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வரிசைப்படுத்தி, 14 இணைக் குரோமோசோம்களையும் ஒவ்வொன்றின் இரண்டு பாடங்களோடும் தனித்தனியே அடுக்கிவிட்டார்கள். எந்தப் பாடமும் அடிக்குறிப்புக்குப் போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒன்பதாவது இணையில் கண் நின்றது. அங்கே எழுத்து மாற்றத்தோடு நிற்கவில்லை. ஒரு பாடத்தில் இருக்கும் மரபணுக்கள் சில மற்றதில் இல்லை. மற்றதில் இருப்பவை சில இதில் இல்லை. அந்த மரபணுக்களில் பலவும் நோயெதிர்ப்பைச் சேர்ந்தவை. நோய் எந்த உருவில் வரும் என்று தெரியாத கடலில், தாய் வழியில் ஒரு கட்டு ஆயுதம், தந்தை வழியில் வேறு ஒரு கட்டு. முதல் வாசிப்பில் இரண்டு பிரதியும் ஒன்றாகப் பிசையப்பட்டிருந்ததால் இது கண்ணில் படவே வழியில்லை. பேதத்தை மதித்துப் படித்தவருக்குத்தான் தெரிந்தது.

இதில் ஆராய்ச்சி மகிழ்ச்சிக்கும் அப்பால் ஒரு கவலை இருக்கிறது. வெண்மையாகப் பளபளக்கும் உட்புறம் வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில் தேர்ந்துகொண்டே போகிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்தால் இரண்டு பாடமும் ஒன்றாகிக்கொண்டே வரும்; நிறத்தோடு சேர்ந்து ஒன்பதாம் இணையும் ஒற்றைப் பாடமாகிவிடலாம். 1990களில் ஜப்பானில் அகோயாக்கள் திரளாகச் செத்தபோது, வெளிநாட்டுச் சிப்பிகளோடு கலந்து பார்த்தார்கள். 2019 கோடையில் எஹிமே, மியே முதலிய கடலோரங்களில் இளஞ்சிப்பிகள் மறுபடி குவியலாக மடிந்தன. உடல் சுருங்கி, மேன்டில் ஓரத்திலிருந்து பின்வாங்கி, பளபளப்பான உட்புறத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தது. பிர்னா வகை வைரஸ் ஒன்று காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். கூடை கூடையாகத் திறந்து பார்த்து, செத்ததை ஒரு பக்கமும் பிழைத்ததை மறுபக்கமும் எண்ணிக் குறிக்கும் வேலை இருக்கிறதே, அதைச் செய்பவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிழைத்தவற்றின் சதையில் ஒரு துண்டு வெட்டி வைப்பார். எந்தப் பாடம் காப்பாற்றியது என்று பிறகு பார்க்க.

தூத்துக்குடிக்கு வருகிறேன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், கா. அழகர்சாமி முன்னின்று, 1973இல் வேப்பலோடையில் இந்த நாட்டின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தைக் கண்டார்கள். 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே உண்டாக்கிவிட்டார்கள். அந்த வளர்ச்சியை அவர்கள் பதிந்து வைத்த அட்டவணையை நான் ரசித்துப் படிப்பதுண்டு. கருவுற்று ஏறக்குறைய 20 மணி நேரத்தில் லார்வா ஆங்கில எழுத்து டி போன்ற வடிவில் முதல் ஓட்டைப் போட்டுக்கொள்கிறது. நீளம் சுமார் 67 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் தடிமனே அவ்வளவு இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஓட்டின் உச்சி புடைக்கிறது. பதினைந்தாம் நாள் ஓட்டின் வழியே ஒரு கரும்புள்ளி தெரிகிறது, கண்புள்ளி. பதினெட்டாம் நாள் கால் முளைக்கிறது. இருபத்துநான்காம் நாள் வாக்கில் குஞ்சு.

அந்த முதல் ஓடு பற்றி ஒரு செய்தி. ஊட்டம் ஊட்ட யாரும் இல்லாத அந்த வேளையில், முட்டையில் தாய் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையை நம்பித்தான் லார்வா ஓட்டைக் கட்டியாக வேண்டும். பசிபிக் சிப்பியில் இரண்டு நாளுக்குள் உடல் எடையின் 90 சதவீதம் அளவுக்குச் சுண்ணாம்பு சேர்ந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் அளந்தார்கள். 2007 முதல் ஆரிகன் கடற்கரைப் பொரிப்பகம் ஒன்றில் லார்வாக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் தேடிப் போனவர்களுக்கு விடை இந்த இரண்டு நாளில் கிடைத்தது. ஆழத்திலிருந்து மேலெழுந்த நீரில் கரியமில வாயு மிகுந்து, சுண்ணாம்பு படிவது கடினமாகியிருந்தது. மூட்டைச் சோறு தீருவதற்குள் வீடு கட்டி முடியவில்லை. பிறகு தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்துக் காரத்தைக் கூட்டிக் காப்பாற்றினார்கள்.

பொரிப்பகத் தொட்டியில் இன்னொன்று நடக்கிறது. முத்துச்சிப்பிகளில் பல முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகின்றன. ஒரு பெண் லட்சக்கணக்கில் முட்டையிடும். பத்துப் பதினைந்து பெற்றோரை ஒரே தொட்டியில் விட்டால் எல்லோருக்கும் பிள்ளைகள் உண்டு என்றுதான் நினைப்போம். வளர்ந்த குஞ்சுகளின் டிஎன்ஏவைப் பெற்றோருடன் ஒப்பிட்டால், பெரும்பகுதி இரண்டு மூன்று பேருடைய பிள்ளைகளாக இருப்பது வழக்கம். மற்றவர்களுடையவை எங்கோ வழியில் நின்றுவிட்டன. கடலிலும் இதுவே நடக்கிறது, ஒரு தலைமுறை என்பது சிலருக்கு மட்டும் விழுந்த பரிசுச்சீட்டு என்று டென்னிஸ் ஹெட்ஜ்காக் 1994இல் எழுதினார். கடலில் அடுத்த ஆண்டு சீட்டு வேறு யாருக்காவது விழும். தொட்டியில் அப்படி இல்லை. ஒரே ஈட்டில் பத்துச் சுவடி இரண்டாகிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே இணைசேர்த்து, தனித்தனி வாளியில் வளர்த்து, ஒவ்வொரு வாளிக்கும் அட்டை கட்டி, குஞ்சான பிறகே கலக்க வேண்டும். நாற்பது ஜோடி என்றால் நாற்பது வாளி. தினமும் நீர் மாற்றி, நாற்பதுக்கும் ஐசோகிரைசிஸ் என்ற பொன்பழுப்புப் பாசியை அளந்து ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் லார்வாவுக்குப் பசிக்கும். ஆய்வுத்தாளில் இது ஒரே வாக்கியமாக வரும்.

வாசிப்பு நம் கரைக்கும் வந்துவிட்டது. கேரளத்தார் கல்லுமக்காய் என்று சமைத்து உண்ணும் பச்சைச் சிப்பியின் மரபணுத்தொகையை, 15 குரோமோசோம்களாக வரிசைப்படுத்தி, அதே மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 2023இல் வெளியிட்டார்கள்; 49,654 மரபணுக்கள். மன்னார்ப் பார்களில் எஞ்சியிருக்கும் முத்துச்சிப்பிகளை இந்த அளவு நெருங்கி, இரு பாடங்களோடும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பண்ணையும் வெண்மைக்காகத் தேர்ந்தெடுக்காத சிப்பிகள் அவை. யார் வீட்டுப் பரணிலும் ஏறாத ஏடுகள்.

காலக்கணக்கு ஒன்று என்னை உறுத்துகிறது. முத்துச்சிப்பியை அறுவைக்கு எடுக்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். முத்து படிய மேலும் ஒன்றிரண்டு ஆண்டு. போஸ்ட்டாக்கின் ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. இந்த வாளியில் தான் பிறப்பித்த குஞ்சு முத்துத் தரும்போது அவர் வேறு நாட்டில், வேறு உயிரோடு இருப்பார். அமெரிக்காவின் டெலாவேர் வளைகுடாவில் 1957இல் எம்எஸ்எக்ஸ் என்ற நோய் சிப்பிகளைத் துடைத்தெடுத்தது. பிழைத்தவற்றை வைத்து ஹரோல்ட் ஹாஸ்கின் தொடங்கிய வம்சத் தேர்வு அறுபது ஆண்டு கடந்தும் அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடத்தில் தொடர்கிறது. இடையில் எத்தனை கைகள் மாறியிருக்கும். ஒவ்வொருவரும் தாம் போகும்போது அடுத்தவருக்காக உறைபெட்டியில் வரிசையாகக் குப்பிகளை விட்டுச் செல்கிறார்கள். குப்பியின் மூடியில் அழியாத மையில் தேதி, வாளி எண், சிப்பி எண். கையெழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

பதினைந்தாம் நாள் மாலை. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்திருக்கிறார் ஒருவர். தங்கநிறப் பாசி வயிற்றுக்குள் தெரிய, இழைகளைச் சுழற்றிக்கொண்டு லார்வாக்கள் பார்வை வட்டத்துக்குள் வந்து வந்து போகின்றன. ஒன்றில், கண்ணாடி போன்ற ஓட்டுக்குள், மிளகின் தூள் ஒன்று ஒட்டியதுபோலக் கரும்புள்ளி. இன்னொன்றிலும் இருக்கிறது. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு, குஞ்சுகள் பற்றிக்கொள்வதற்கான வலைத்துண்டுகளை நீரில் அலச எழுந்து போகிறார். இன்னும் சில நாளில் அவை கீழிறங்கும். காலால் தடவித் தடவி ஓர் இடம் பார்க்கும். பட்டிழை போன்ற நூலைச் சுரந்து கட்டிக்கொள்ளும். இடம் பிடிக்காவிட்டால் அந்த நூலை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நகர்ந்து, புது நூல் கட்டும். காலையில் வந்து எண்ணுகிறவர், நேற்று ஒன்று இருந்த இடத்தில் அறுபட்ட நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். விரலகலம் தள்ளிக் குனிந்து தேடுவார்.